அஞ்சேல் பிள்ளையாரின் நாணயச்சாலை

2006 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தெற்கு லண்டன் சட்டனில் உள்ள அஞ்சேல் பிள்ளையார் ஆலயத்தின் அறங்காவலர் சபை, அரசியின் தலை பொறித்த காசுகளை இனி நேர்த்திக்கடனாக ஏற்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

ஆலயம் முன்பு கார்ப்பெட் கிடங்காக இருந்தது. மூலஸ்தானம் இருக்கும் இடத்தில்தான் பெரிய சுருள்களை அடுக்கி வைத்திருந்தார்களாம். மழைக்காலத்தில் இன்னும் கம்பளி மணக்கும்.

தீர்மானத்துக்குக் காரணம் இரண்டு பென்ஸ் காசு. வீட்டில் ஒருவருடைய உயிருக்கு ஆபத்து என்றால் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் படத்தடியில் வைப்பார்கள். ஆபத்து நீங்கியதும் முடிச்சை அவிழ்த்துக் காசைக் கோயிலில் சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால் தெய்வக் குற்றம். எந்தக் காசை முடிய வேண்டும் என்று இதுவரை யாரும் விதித்ததில்லை. அந்த ஆண்டு ஊரில் மறுபடி போர் மூண்டு யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-ஒன்பது வீதியும் மூடப்பட்டதும் லண்டன் வீடுகளில் முடிச்சுகள் பெருகின. கைக்கு அகப்பட்டது இரண்டு பென்ஸ். கடைசியில் உண்டியலுக்கு வந்ததும் அதுதான். அவற்றை எண்ணித் தர வங்கி கட்டணம் கேட்டது.

சபைத் தலைவர் தியாகராஜா கொழும்பில் கணக்காய்வு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். கூட்டத்தில் ஒரு காந்தத்தையும் ஒரு இரண்டு பென்ஸையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். காசு போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களே? வெளியிலை செம்பு, உள்ளுக்கை இரும்பு. இந்தப் பொய்க் காசைக் குடுத்துப் பிள்ளையாரிட்டை ஒரு உயிரைக் கேக்கிறது அவமரியாதை. சபை இனி சுத்த வெள்ளியிலை காசு அடிக்கும். அபயக் காசு. அதைத்தான் முடியவேணும்."

பின்வரிசையிலிருந்து நகுலேஸ்வரி எழுந்தார். மருத்துவமனை ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்பவர். அவருடைய தம்பி இராஜேந்திரன் கிளிநொச்சியில் நீர்ப்பம்பு திருத்துபவர். ஊரில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே உறவு அவன்தான்.

"நான் போன மாசமே தம்பிக்கு முடிஞ்சிட்டன் அண்ணை. இரண்டு பென்ஸ்தான். இப்ப அவிட்டால் நேர்த்தி பிழையாய்ப் போகாதோ?"

"நீங்கள் அவிழ்க்கேல்லை, தங்கச்சி. தீர்மானம் அவிழ்க்குது."

சபை இதைக் கைதட்டி ஏற்றது. நகுலேஸ்வரி இருபத்தைந்து பவுண் கொடுத்து ஒரு அபயக் காசு வாங்கினார். மாரி பிஸ்கட்டைவிடச் சற்றுச் சிறியது. கையில் வைத்தால் கனம் தெரிந்தது. ஒரு பக்கத்தில் கையை உயர்த்திய பிள்ளையார். மறுபக்கத்தில், 'இக்காசைச் சபை என்றென்றும் ஏற்கும்' என்று பொறித்திருந்தார்கள். அவர் வீட்டுக்குப் போய் இரண்டு பென்ஸை அவிழ்த்துவிட்டு அதே துணியில் வெள்ளியை முடிந்தார்.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவன் சிரித்தான்.

"இருபத்தைஞ்சு பவுணோ? அக்கா, என்ரை முழுப் பெறுமதியும் அவ்வளவு வராது."

அடுத்த கோடையில் வெள்ளியின் விலை ஏறியது. போரும் வலுத்தது. காசு கேட்டு வருபவர்களின் வரிசை செருப்பு வைக்கும் இடத்தைத் தாண்டியது. இருபத்தைந்து பவுணுக்கு விற்ற காசை அதே விலைக்கு அடிக்க முடியவில்லை என்று பொருளாளர் ஜம்புநாதன் அறிவித்தார். கோயம்புத்தூர்க்காரர். நகரத்து வங்கி ஒன்றில் இடர்க்கணிப்புப் பிரிவில் வேலை. நிறைய வாசிப்பவர் என்று பெயர். அன்று ஒரு தடித்த வரலாற்று நூலோடு வந்திருந்தார். ஓரிடத்தில் ரயில் சீட்டைச் செருகி அடையாளம் வைத்திருந்தார்.

"ஆயிரத்து அறுநூத்தி இருபது வாக்குல ஜெர்மனியைப் பாருங்க. அது அப்ப ஒரே நாடு இல்ல. குட்டிக் குட்டி அரசுங்க. ஆளுக்கொரு நாணயச்சாலை. முப்பது வருஷப் போர் ஆரம்பிக்குது. செலவு ஏறுது. என்ன பண்ணாங்க? வெள்ளியைக் குறைச்சுச் செம்பைக் கலந்தாங்க. காசு மேல முகம் மட்டும் அப்படியே இருந்துச்சு. ஜனங்க முகத்தைத்தான் பார்ப்பாங்க. அற்புதமான நிர்வாகம்."

"பிறகு அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார் சுசிலா. ஆலயத்தின் அன்னதானச் சமையலுக்குப் பொறுப்பானவர். நகுலேஸ்வரியின் அடுத்த வீட்டுக்காரி.

ஜம்புநாதன் ரயில் சீட்டைத் தொட்டுக் காட்டினார். "இது வரைக்கும்தான் வாசிச்சிருக்கேன். ஆரம்பம் ரொம்ப நல்லா இருக்கு."

சபை அத்தியாயத்தின் ஆரம்பத்தை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

ஜெர்மனியில் செம்புக்காகச் சமையல் பாத்திரங்களையும் உருக்கினார்கள் என்ற செய்தி அடுத்த பக்கத்தில் இருந்தது. மறுவெள்ளிக்கிழமை சுசிலா வந்தபோது சமையலறையில் பெரிய செம்புக் கிடாரத்தைக் காணவில்லை. அலுவலக அறைக்குப் போனார்.

"அண்ணை, கிடாரம் எங்கை?"

தியாகராஜா கண்ணாடியைக் கழற்றினார். "உங்கட கிடாரம் இப்ப சுவாமியின்ரை முகமாய் மாறுது, பிள்ளை. ஒரு கிடாரத்துக்கு இதைவிடப் பேறு என்ன?"

"நல்லது. முந்நூறு பேருக்குச் சோறு எதிலை அவிக்கிறது?"

"இண்டைக்கு விரதம் எண்டு அறிவிச்சாச்சு."

புதுக் காசு தயாரானதும் ஒரு பிரச்சினை எழுந்தது. பழைய நல்ல வெள்ளி பக்தர்களின் வீடுகளில் மஞ்சள் துணிக்குள் பயனற்றுக் கிடந்தது. ஆகவே முடிந்த காசுகளுக்கு ஆண்டுதோறும் அபிஷேகம் செய்யவேண்டும் என்று சபை கண்டுபிடித்தது. பக்தர்கள் காசைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மறுவாரம் அபிஷேகம் செய்த காசு கிடைக்கும். கட்டணம் ஏழு பவுண்.

நகுலேஸ்வரி கொடுத்தார். திரும்பி வந்த காசு சிறியதாகவும் லேசான செம்மையோடும் இருந்தது. எழுத்தும் 'சபை ஏற்கும்' என்று சுருங்கியிருந்தது. கவுண்டரில் நின்ற ஜம்புநாதனிடம் கேட்டார்.

"இது என்ரை காசு இல்லையே, தம்பி. என்ரை பெரிசு."

"அபிஷேகம் ஆச்சுல்லம்மா. பால், தயிர், தேன் எல்லாம் பட்டதுல கொஞ்சம் கரைஞ்சிருக்கும்."

"வெள்ளி தயிரிலை கரையுமோ?"

"பக்தியோட போட்டா கரையும்."

அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். வீட்டுக்குப் போய் மறுபடி முடிந்தார். துணியில் முடிச்சு முன்பைவிடச் சிறிதாக விழுந்தது.

இதற்கிடையில் சபை பிளந்தது. காசில் பிள்ளையாரின் தும்பிக்கை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தன்னிடம் கேட்கவில்லை என்பதற்காக உபதலைவர் நாற்பது குடும்பங்களோடு வெளியேறினார். ஒரு பாட்மின்டன் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து முருகன் கோயில் தொடங்கினார். முதல் வேலையாக வேல் காசு வெளியிட்டார். அதில் வெள்ளி இன்னும் குறைவு.

ஜெர்மன் அரசுகள் மட்டமான காசை மூட்டையாகக் கட்டி, ஆட்கள் மூலம் அயல் அரசுக்குள் அனுப்பி, அங்குள்ள நல்ல காசாக மாற்றிவரச் செய்தன என்பதை ஜம்புநாதன் அப்போதுதான் வாசித்திருந்தார். சபை ஆறு தொண்டர்களுக்கு ஆளுக்கொரு பை கொடுத்து பாட்மின்டன் மண்டபத்துக்கு அனுப்பியது. வாசிப்பு அங்கும் நடந்திருக்கிறது. அவர்களும் அதே சனிக்கிழமை ஆறு பேரை அனுப்பினார்கள். பன்னிரண்டு பேரும் பாதிவழியில், பஸ் மாறும் தரிப்பிடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். பழைய உறவினர்கள். சுகம் விசாரித்தார்கள். அங்கேயே பைகளை மாற்றிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். கோயிலில் போய்ப் பையைத் திறந்தபோது அஞ்சேல் பிள்ளையாரிடம் முழுக்க வேல் காசும், முருகனிடம் முழுக்க அபயக் காசும் இருந்தன. இரு சபைகளும் தத்தம் ஆண்டறிக்கையில் இதை வெற்றி என்று பதிந்தன.

2008 செப்டம்பரில் ஜம்புநாதன் வேலை பார்த்த வங்கிப் பிரிவை மூடினார்கள். அவருக்கு வாசிக்க மேலும் நேரம் கிடைத்தது.

அந்த மார்கழி அபிஷேகத்தில் மூன்றாம் வெளியீடு வந்தது. குறொய்டனில் விளையாட்டுப் பதக்கங்கள் செய்பவர் அடித்தது. பருமனிலும் தடிப்பிலும் ஒரு பவுண் காசு மாதிரி. மேலே நகப்பூச்சளவு வெள்ளி முலாம். எழுத்துக்கு இடம் போதாததால் 'சபை' என்று மட்டும் இருந்தது. நகுலேஸ்வரியின் நேர்த்தி மூன்றாம் முறையாக அவிழ்ந்து மூன்றாம் முறையாக முடியப்பட்டது.

2009 ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி வீழ்ந்தது. அதன்பின் இராஜேந்திரனின் தொலைபேசி எடுபடவில்லை.

நகுலேஸ்வரி ஷிப்ட் முடிந்து வந்து தொலைக்காட்சி பார்த்தார். ஓய்வு நாட்களில் போரை நிறுத்தக் கோரிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு நின்றார். சமைத்ததைச் சுசிலா கொண்டுவந்து வைத்தால் சாப்பிட்டார். சாமிப் படத்தடியில் இருந்த முடிச்சை மட்டும் தொடவில்லை. தம்பி உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த வாரமே அதைப் பிள்ளையாரின் காலடியில் சேர்ப்பதாக வாக்கு. சேர்க்கத் தவறினால் வாக்கும் போய்விடும், அவனும் போய்விடுவான் என்று அவர் நம்பினார். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களுடைய வீட்டிலும் ஒரு முடிச்சு இருந்தது.

ஏப்ரலில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தியாகராஜா வருமானக் கணக்கை வாசித்தார்.

"போர் மறுபடி தொடங்கினதிலையிருந்து எங்கட சபை ஒரு வருசமும் நட்டப்படேல்லை. சனத்துக்கு இவ்வளவு துன்பம் இருந்தும் காசு முடியிறது குறையேல்லை. உறவு தப்பாமல் போன ஆக்களின்ரை காசு திரும்பி வராது. அது சபைக்குச் சுமை இல்லை. இந்த வருசம் அப்பிடி வராத காசு கூட எண்டு பொருளாளர் கணிச்சிருக்கிறார்."

"ஆமா. கணிசமா," என்றார் ஜம்புநாதன்.

ஆலயக் குருக்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வீசாவைச் சபைதான் ஆண்டுக்கொரு தடவை புதுப்பித்தது.

மே மாதம் போர் முடிந்து, தப்பிய சனத்தை முகாம்களில் அடைத்தார்கள். ஜூன் முதல் வாரத்தில் நகுலேஸ்வரியின் கைத்தொலைபேசி அடித்தது.

"அக்கா, நான்தான். செட்டிகுளம் முகாமிலை நிக்கிறன். இது ஆரோ ஒராளின்ரை போன். நிமிசத்துக்குக் காசு. ஒரு காது கேக்கேல்லை, கத்திக் கதையுங்கோ."

அவரால் கத்த முடியவில்லை. அவன் பெயரை மட்டும் சொன்னார்.

"அழாதேங்கோ. அழுகிறதுக்கும் நிமிசக் கணக்குத்தான். கம்பி வேலிக்கு உள்ளுக்கை இருக்கிறம். எப்ப விடுவாங்கள் எண்டு தெரியாது. வைக்கிறன்."

மறுநாளே முடிச்சை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அவருக்கு முன்னால் இருபது முப்பது பேர் மஞ்சள் துணியோடு நின்றார்கள். கவுண்டரில் தபால் தராசும், ஆலயமே விற்கும் பிள்ளையார் உருவக் குளிர்பெட்டிக் காந்தமும் இருந்தன. ஜம்புநாதன் காசை வாங்கிக் காந்தத்துக்கு அருகில் வைத்தார். காசு போய்ப் பிள்ளையாரின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது.

"மன்னிக்கணும்மா. இதை ஏத்துக்க முடியாது. வெள்ளி இல்ல."

"நீங்கள் தந்த காசு, தம்பி."

"எங்க காசுதாங்க. அதனாலதான் இவ்வளவு உறுதியாச் சொல்றோம்."

"வேற ஆரும் தந்த காசெண்டால் எடுப்பீங்களோ?"

"சோதிச்சுப் பார்க்க நேரம் ஆகும். இதுக்கு அந்தச் சிரமமே இல்ல."

நகுலேஸ்வரி நகரவில்லை. "என்ரை முதல் காசு நல்ல வெள்ளி. அது எங்கை?"

"பெட்டகத்துல பத்திரமா இருக்கு. நல்ல காசைப் போய் யாராவது வெளிய விடுவாங்களா?"

பின்னால் நின்ற சுசிலா குரல் கொடுத்தார். "அப்ப அதிலை ஒண்டைத் தாங்கோவன். அவ அதைப் போடட்டும்."

"விற்பனைக்கு இல்லீங்க. சுவாமி சொத்து."

அந்த ஞாயிறு விசேட பொதுக்கூட்டம் கூடியது. ஜம்புநாதன் நூலின் ரயில் சீட்டை வெகுதூரம் நகர்த்தியிருந்தார்.

"முன்ன ஒரு வாட்டி சுசிலா அம்மா கேட்டாங்க, அப்புறம் என்ன ஆச்சுன்னு. இப்ப வாசிச்சுட்டேன். அந்த அரசுங்க கடைசில ஒரு முடிவு எடுத்தாங்க. தாங்க அடிச்ச காசை வரியா வாங்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. நல்ல காசாக் கொடுன்னு கேட்டாங்க. நாமளும் அந்தக் கட்டத்துக்கு வந்திருக்கோம். பெருமையான விஷயம்."

"சனம் சும்மா இருந்ததோ?" என்றார் சுசிலா.

"சில ஊர்ல கலவரம். ஆனா அதை அடிக்குறிப்புலதான் போட்டிருக்காங்க."

தியாகராஜா எழுந்தார். "சகோதரிமாரே, உணர்ச்சிவசப்படாமல் யோசியுங்கோ. இவ்வளவு பேரின்ரை உறவும் ஒரே மாசத்திலை உயிரோடை வரும் எண்டு சபை எதிர்பாக்கேல்லை. வந்தது சந்தோசம்தான். ஆனால் அவையளின்ரை காசு முழுக்க உண்டியலுக்கை வந்தால் சுவாமியின்ரை பெட்டகம் தகரமாய்ப் போகும். பிள்ளையாரை மோசக் காசிலையிருந்து காப்பாத்திறது எங்கட கடமை."

நகுலேஸ்வரி எழுந்தார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"அண்ணை, என்ரை தம்பி இன்னும் கம்பிக்குள்ளை. நான் சொன்ன சொல்லு நிக்குது. எனக்கு வெள்ளி வேண்டாம். அந்தக் காசு சுவாமியின்ரை காலடியிலை கிடந்தால் போதும். பிள்ளையார் நிறுத்துப் பாக்கப் போறாரே?"

"பிள்ளையார் பாக்கமாட்டார். அதுக்காகத்தான் சபை இருக்குது."

இதற்கும் கைதட்டல் கிடைத்தது. முன்பைவிடக் குறைவு.

மறுவெள்ளி பூசையில், குருக்கள் தீபாராதனை காட்டக் கண்ணை மூடியிருந்த நேரத்தில், நகுலேஸ்வரி மூலஸ்தானத்தை மறித்த கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டிக் காசைப் படியில் வைத்துவிட்டு வந்தார். குருக்கள் கண்ணைத் திறந்து காசையும் அவரையும் பார்த்தார். பூவால் காசை மூடினார். அடுத்த வாரம் பதிவுத் தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே காசு இருந்தது. சன்னிதானத்தில் அங்கீகாரமற்ற உலோகம் வைத்தமைக்கான துப்புரவுக் கட்டணமும் தபாற்செலவும் செலுத்த வேண்டும் என்று சபை எழுதியிருந்தது. கண்காணிப்புக் கமெராவின் படத்தையும் இணைத்திருந்தார்கள். அந்த மாதத்தோடு குருக்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். வீசா புதுப்பிக்கத் தாமதமாகிவிட்டது என்று அறிவித்தல் பலகை சொன்னது.

முகாமிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் நகுலேஸ்வரி முதலில் கேட்பது எப்போது விடுவார்கள் என்பதுதான். தெரியாது என்று பதில் வரும். திரும்பி வந்த காசை அவர் மறுபடி முடிந்து படத்தடியில் வைத்திருந்தார். அந்த முடிச்சைப் பார்ப்பார். தன்னால்தான் என்று நினைப்பார். ஒருநாள் அதைத் தம்பியிடம் சொல்லியும்விட்டார்.

"அக்கா, இங்கை ரண்டு லட்சத்துக்கு மேலை சனம் இருக்குது. எல்லாரின்ரை அக்காவும் சட்டனிலையோ இருக்கினம்?"

டிசம்பர் தொடக்கத்தில் முகாமின் வாசலைத் திறந்தார்கள். இரண்டாம் நாள் அழைப்பு வவுனியாவில் ஒரு தேநீர்க் கடையிலிருந்து வந்தது. பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"வெளியிலை வந்திட்டன். உங்கட கோயில் காசை எடுத்துதோ?"

"இல்லை."

"சரி விடுங்கோ. நான் வாற வழியிலை மரத்தடியிலை ஒரு பிள்ளையார் இருந்தார். உங்கட பேரைச் சொல்லி ஐஞ்சு ரூபாக் குத்திக்காசு ஒண்டு வைச்சனான். அவர் ஒண்டும் கேக்கேல்லை."

"காந்தம் வைச்சுப் பாக்கேல்லையோ?"

"காந்தமோ? அவரிட்டை ஒரு குடைகூட இல்லை, அக்கா."

சனிக்கிழமை நகுலேஸ்வரியும் சுசிலாவும் தேங்காய் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். தள்ளுவண்டிகள் சங்கிலியில் கோர்த்திருந்தன. ஒரு பவுண் காசு போட்டால்தான் கழலும். சுசிலாவிடம் தாள்கள் மட்டும் இருந்தன. நகுலேஸ்வரி கைப்பையில் தேடி, தம்பி வெளியில் வந்த அன்று படத்தடியிலிருந்து எடுத்துப் போட்டிருந்த மஞ்சள் துணியை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, அபயக் காசைத் துவாரத்தில் வைத்து அழுத்தினார். சங்கிலி கழன்றது.

சாமான்களைக் காரில் ஏற்றியபின் வண்டியைக் கொண்டுபோய் வரிசையில் விட்டார். காசு திரும்பி வந்தது.